மூணு தடவை கூப்பிட்டாச்சு

ஆறு மணிக்குப் பேர் கூப்பிட வேண்டும். இப்போது நாலே கால். நாலே கால் என்பது என் உத்தேசம்தான், வீடில்லாதவர்கள் தங்குகிற இந்த இல்லம் ஒரு காலத்தில் கோர்ட்டாக இருந்தது, சுவரில் இருக்கிற அந்தக் கோர்ட்டுக் கடிகாரம் பத்து இருபதில் நின்று எத்தனையோ வருஷமாகிறது, பாரம்பரியக் கட்டடத்துச் சாமான் என்று அதைக் கழற்றவும் கூடாதாம், ஓட வைக்கவும் ஆள் இல்லையாம். டீ வந்து போய்விட்டது, டீ போனால் நாலு. பக்கத்துக் கட்டிலில் தனபால் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், அவன் ஆட்டுகிற ஆட்டத்துக்கு என் கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம். அதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டால் நல்லது. வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டால் மெதுவாகக் கூப்பிடலாம், இருமலோடு இருமலாகக் கூப்பிடலாம், அவளும் ‘இருக்கேன்’ என்று சொல்லிவிடுவாள், கதை முடிந்தது. வராவிட்டால் வெளியே போய்க் கூப்பிட வேண்டும். வெளியே கூப்பிடுகிற குரல் வேறு. அதை மறைக்க முடியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதே இடம் என்று ஏன் நினைக்கிறேன்? மரம் பெரியது, சுற்றி எத்தனையோ இடம். ஆனாலும் அதே இடம்தான். வேர் புடைத்து மேடாக இருக்கிற தெற்குப் பக்கம். சாட்சிக் கூண்டுக்கு மேலே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், மூன்று முறை அழைத்தும் வராதவரின் கட்டில் காத்திருப்போருக்கு வழங்கப்படும், இது மழைக்கால விதி. யார் எழுதினார்களோ, இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். கூண்டின் கம்பிகளில் எங்கள் துண்டுகள் காய்கின்றன. என் துண்டும் அதில் இருக்கிறது.

எல்லாம் இந்தத் தனபால் வாயால் வந்த வினை. பேண்டு செட்டில் டிரம் அடித்துப் பிழைத்தவன், காது மட்டும் கூர்மை. இல்லத்தை நடத்துகிற பிரிசில்லா மேடத்துக்கு ஒரு வாரமாகத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, மைக்செட் போன மழையில் போய்விட்டது, நாற்பது பேரை யார் கூப்பிடுவது என்று காலையில் அந்தப் பெண் கிசுகிசுத்தபோது இவன் எழுந்து நின்று, “நம்ம ஏகாம்பரம் ஐயா இருக்காரே மேடம். ராத்திரில தூக்கத்துல ஒரு குரல் குடுப்பாரு பாருங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போவும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். “அப்படியா ஐயா? தூக்கத்துல கூப்பிடுறீங்கல்ல, முழிச்சிக்கிட்டுக் கூப்பிட மாட்டீங்களா?” என்று அந்தப் பெண்ணும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக இங்கே நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் காலத்தை ஓட்டியவன் நான். முதல் நாள் மேஜையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது வாட்ச்மேன் என்று சொன்னேன். அந்த மேஜையும் எனக்குத் தெரிந்த மேஜைதான், பெஞ்ச் கிளார்க் மேஜை, இடது கால் ஒன்று குட்டை, அட்டை மடித்து வைப்போம். இன்னும் அட்டைதான் வைத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கிடந்தவனை வேனில் ஏற்றினார்களே, வேன் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறங்கியிருப்பேன். கேட்கவில்லை. சரி மேடம் என்று தலையாட்டினேன், காலையில். காலையில் அவள் வரவில்லை. அவள் வந்தது மத்தியானம்.

மத்தியானம் சாம்பார் சாதம் முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். வேன் சத்தம். யாரோ ஒரு அம்மாளைக் கூட்டிவந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பேர் என்னம்மா. செங்கமலம். தட்டு கையிலிருந்து நழுவவில்லை, சினிமாவில்தான் நழுவும், நான் அதே தட்டை இன்னொரு தடவை கழுவினேன், பிறகு இன்னொரு தடவை. வீட்டுக்காரர் பேரு? “அவரு போயி இருவத்தோரு வருசம் ஆவுது. அவரு பேரு எதுக்கு உங்களுக்கு?” குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது போல, ஆளைப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறாள். பிள்ளைங்க இருக்காங்களா? இல்ல, என்றாள். அந்த ‘இல்ல’ எந்த இல்லை? பிறக்கவே இல்லை என்கிற இல்லையா? அது எனக்குத் தெரியும், பிறந்தது, எட்டு வயது இருக்கும், நானே பார்த்தேன், மஞ்சப்பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றது. அப்படியென்றால் இது வேறு ஒரு ‘இல்ல’. பிரிசில்லா கட்டில் எண்ணைக் காட்டக் கூப்பிட்டது. அவள் வாசல்படியிலேயே நின்று அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தாள், நீதிபதி மேடையைப் பார்த்தாள், மேடையில் இப்போது அரிசி மூட்டையும் டிவியும் இருக்கின்றன, அதையும் பார்த்தாள். “நான் வெளிய மரத்தடில இருக்கேன்” என்றாள். மழை வருமேம்மா, ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவோம், அப்ப இல்லன்னா கட்டில் போயிடும். “கூப்பிட்டா வரேன்” என்றாள். அப்புறம் யாரிடம் என்றில்லாமல் இன்னொரு முறை சொன்னாள், “கூப்பிட்டா வருவேன்.”

இதில் எனக்கென்ன வந்தது? ஊரில் ஒரு செங்கமலமா இருக்கிறாள்? இல்லை, அவள்தான். பேரைச் சுமந்துகொண்டு பத்தொன்பது வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா? டவாலி வேலை என்றால் சும்மா இல்லை. ஜட்ஜ் ஐயாவுக்கு முன்னால் வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாகப் போவது மட்டும்தான் ஜனங்களுக்குத் தெரியும். பேர் கூப்பிடுவதுதான் வேலை. ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்று இடத்தில் கூப்பிட வேண்டும். முதல் தடவை ஹாலுக்குள், வக்கீல்களுக்கு. இரண்டாவது வாசல்படியில், வராந்தாவில் நிற்கிறவர்களுக்கு. மூன்றாவது படியிறங்கி மரத்தைப் பார்த்து, மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருக்கிற ஜனங்களுக்கு. அவர்கள்தான் நிஜமான கட்சிக்காரர்கள். உள்ளே வந்து நிற்கப் பயப்படுகிற ஜனம். அவர்களுக்காகத்தான் அந்த மூன்றாவது. மூன்றாவதில் குரலை இழுக்க வேண்டும், கடைசி எழுத்தில் ஏற்றி நிறுத்த வேண்டும். ஏகாம்பரம் மூன்றாவது குரல் கொடுத்தால் மரத்துக் காக்கா எல்லாம் எழும்பி உட்காரும் என்று வக்கீல்களே சொல்வார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இருபத்தெட்டு வருஷம் கூப்பிட்டிருக்கிறேன். எத்தனை ஆயிரம் பேர். அத்தனை பேரில் ஒருத்தியை மட்டும் கூப்பிடவில்லை. ஆயிரத்தில் ஒன்று தப்பினால் பெரிய தப்பா? எந்த வேலையில் தப்பு இல்லை? தையல்காரன் ஒரு காஜாவைக் கோணலாகப் போடுவதில்லையா? போடுகிறான், சட்டை கொஞ்சம் கோணும், ஒருத்தியின் வீடா போய்விடுகிறது.

அன்றைக்கும் ஐப்பசி மழை. புதுப் பட்டை கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மட்டமான சாயம். முந்தின வருஷத்துப் பட்டை ஒரு தூறலுக்கே சாயம் இறங்கி வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பாகப் பிடித்துக்கொண்டது, என் பெண்டாட்டி அதைத் துவைத்துத் துவைத்துக் கை நொந்து திட்டினாள், வெட்டுப்பட்டவன் மாதிரி வந்து நிற்கிறீர்களே என்றாள். அதுதான் மனதில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. செங்கமலத்தின் கொழுந்தன் எனக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை, யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கெட்டவன் செய்தான் என்று ஆகியிருக்கும். புருஷன் செத்த பிறகு வீட்டைக் காலி செய் என்று கொழுந்தன் போட்ட வழக்கு. அவளுடைய வக்கீல் அன்று வேறு ஊர்க் கோர்ட்டுக்குப் போய்விட்டார். கிளார்க் வழக்குக் கட்டை எடுத்து என்னைப் பார்த்தார். நான் ஹால் வாசலில், உள்பக்கமாக, நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். வெளியே சல்லென்று கொட்டுகிறது. அங்கேயே நின்றபடி, பிரதிவாதி செங்கமலத்தம்மாள், செங்கமலத்தம்மாள், செங்கமலத்தம்மாள். ஒரே மூச்சில் மூன்று. ஜட்ஜ் ஐயா நிமிர்ந்தார். “கூப்பிட்டாச்சா?” “மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கய்யா.” பொய்யா அது? மூன்று தடவை கூப்பிடத்தானே கூப்பிட்டேன். எக்ஸ்பார்ட்டி என்றார், எதிர்ப் பக்கம் வராமலேயே தீர்ப்பு. அடுத்த கட்டை எடுத்தார்கள். மழை விட்ட பிறகு அவள் சொட்டச் சொட்டப் படியேறி வந்து என்னிடமே கேட்டாள், “அய்யா, என் பேரு எப்பங்கய்யா வரும்?”

இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். இதற்கு மேலே நகரவே மாட்டேன் என்கிறது. நான் என்ன பதில் சொன்னேன்? ஏதோ சொன்னேன். வக்கீலைப் போய்ப் பாரும்மா என்று சொல்லியிருப்பேன். கூட வந்த பெண் குழந்தை பல் தந்தியடிக்க என் பட்டையில் இருந்த பித்தளை வில்லையைப் பார்த்தது. அதோடு முடிந்திருந்தால்கூட மழையின் மேல் பழியைப் போட்டுவிடலாம். முடியவில்லையே. தீர்ப்பை ரத்துசெய்யச் சொல்லி மனுப் போட்டாள், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. மனு விசாரணைக்கு வந்த அன்று வெயில். நல்ல வெயில். இதோ இந்தக் கூண்டில்தான் நின்றாள், இப்போது துண்டுகள் தொங்குகிற இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு. “வெளியதாங்க நின்னேன், கூப்பிடவேயில்லீங்க, கூப்பிட்டா வராம இருப்பனாங்க?” என்றாள். ஜட்ஜ் ஐயா என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர், இல்லை என்று சொல்லியிருந்தால் என்னை நாலு வார்த்தை வைதுவிட்டு மனுவை அனுமதித்திருப்பார். அவ்வளவுதான். நாலு வார்த்தை வசவு. “மரத்தடி வரைக்கும் போய்க் கூப்பிட்டியா?” “கூப்பிட்டேங்கய்யா. மூணு தடவை.” மனு தள்ளுபடி. ஒரு மாதத்தில் கோர்ட்டு அமீனா போய்ச் சாமானை எடுத்துத் தெருவில் வைத்தான். அமீனாவே வந்து சொன்னான், அந்தம்மா அழவேயில்லைப்பா, வாசல்படியில் உட்கார்ந்து, கூப்பிடவேயில்லை கூப்பிடவேயில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது என்று. நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க, என்றேன். அன்று ராத்திரியிலிருந்துதான் தூக்கத்தில் கூப்பிட ஆரம்பித்தேனா, இல்லை ரிட்டையரான பிறகா? பெண்டாட்டி இருந்தவரை தட்டித் தூங்க வைத்துவிடுவாள். அவள் போன பிறகு மகன் வீட்டில் இதுவே பெரிய விவகாரமாகிவிட்டது. தாத்தா யாரையோ கூப்பிடுறாரு, பிள்ளை ஜன்னியில் விழுகிறது என்று மருமகள் என் பாயை மாட்டுக் கொட்டகைக்குப் போட்டாள். வீட்டை நான்தான் மகன் பேரில் எழுதிக் கொடுத்திருந்தேன், கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டேன். கொட்டகையிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன், வேனிலிருந்து இங்கே. பேரே என்னை வெளியே தள்ளிவிட்டது. தள்ளி, கொண்டுவந்து இங்கேயே சேர்த்திருக்கிறது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்கிறார்கள். எங்கே நின்று என்று யாரும் சொல்லவில்லை. மரத்தடியில் நிற்கும் போலிருக்கிறது.

“ஐயா.” தனபால் எழுந்து உட்கார்ந்து என் முழங்காலைத் தட்டுகிறான். குரலைத் தாழ்த்துகிறான், அதுவே இவனிடம் நல்ல சகுனம் இல்லை. “நீங்க தூக்கத்துல கூப்பிடுற பேரு ஒண்ணுதான். முதல்ல எனக்குப் பிடிபடல. செங்க, செங்கன்னு கேக்கும். மத்தியானம் அந்தம்மா பேரு சொன்னப்பத்தான் பொறி தட்டிச்சு.” கண்ணடிக்கிறான். “பழைய ஆளா? சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கல்யாணம் தட்டிப் போச்சா?” எனக்குப் பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, “போடா, வேற வேலை இல்ல” என்கிறேன். “எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் என்னைத் திட்டுறீங்க. அப்ப சமாச்சாரம் நெசந்தான்” என்று அவன் குஷியாகப் படுத்துக்கொள்கிறான். நாளைக்கு விடிந்ததும் இவன் அவளிடம் போய் உட்கார்ந்து, அம்மா எங்க ஐயா உங்க பேரைத்தான் ராத்திரி பூரா கூப்பிடுறாரு என்று சொல்லுவான். சொல்லாமல் இருக்க மாட்டான், டிரம் அடித்த கை. அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்ப்பாள். அப்புறம்? பிரிசில்லாவுக்குத் தெரியும், நாற்பது பேருக்கும் தெரியும், இதில் பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு காகிதத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள், அவர்களுக்கு நடுவில் நான் எப்படிக் கட்டிலில் படுப்பேன்? எழுபத்தொரு வயதில் மழைக்காலத்தில் வேறு எங்கே போவேன்? இல்லை, நாளைக்கு அவள் இங்கே இருந்தால்தானே. இதை நினைக்கவில்லை, தானாக வருகிறது. கேட்டில் ஒரு அம்மாவும் பெண்ணும் மூட்டையோடு மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறார்கள், பெண்ணுக்கு இருமல். அவர்களுக்கும் ஒரு கட்டில் வேண்டும்தானே. அவர்களும் பாவம்தானே. பாருங்கள், நியாயம் எவ்வளவு அழகாகக் கிடைக்கிறது, கேட்காமலே வந்து மடியில் விழுகிறது. ஹாலுக்குள் நின்றபடி ஒரே மூச்சில் மூன்று. அவ்வளவுதான். பழகின வேலை.

தூறல் ஆரம்பித்துவிட்டது. முதலில் இலையில் விழுகிற சத்தம் மட்டும், பிறகு தகரக் கூரை போட்ட சமையல்கட்டுப் பக்கம், பிறகு எல்லாப் பக்கமும். அவள் எழுந்திருப்பாள். எழுந்திரும்மா. இந்த மழையில் நாய்கூட வராந்தாவுக்கு வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு உரச் சாக்கை எடுக்கிறாள், உதறுகிறாள், தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால்தான் வருவாள். எங்கோ மண் நனைகிற வாசனையோடு ரெக்கார்டு ரூம் வாசனையும் வருகிறது, பெண்கள் படுக்கிற அறை அதுதான், பழைய கட்டுகளை எல்லாம் பைபாஸ் பக்கம் புதுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இரும்பு அலமாரிகளில் இப்போது அவர்களுடைய பைகள் இருக்கின்றன, ஆனால் மழை வந்தால் காகிதம் மக்கின வாசனை மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. அவள் கட்டு இருந்த அலமாரியும் அங்கேதான் இருக்கும், மூன்றாவது வரிசை. அவளுக்குக் கொடுத்த கட்டில் அதற்குக் கீழே வந்தாலும் வரும். கரெண்ட் போகிறது. யாரோ ஓ என்கிறார்கள். எமர்ஜென்சி விளக்கைப் போட்டதும் உத்திரத்தில் எல்லோருடைய நிழலும் பெரிதாக ஏறுகிறது. “ஐயா, ஆறாயிடுச்சு” என்று பிரிசில்லா அட்டையில் சொருகின லிஸ்ட்டோடு வந்து நிற்கிறது. எழுந்திருக்கிறேன். எங்கே நிற்பது என்று நான் யோசிக்கவில்லை, கால் தானாகப் போய் மேடைக்கு வலது பக்கம் நாலாவது கல்லில் நின்றுகொள்கிறது.

அலமேலு. இருக்கேன். பாத்திமா பீ. இருக்கேன். ஹாலின் உயரம் குரலை வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறது, அப்போது தந்த மாதிரியே. இரண்டாவது பேருக்கே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தனபால் நாக்கை மடித்து விசில் அடிக்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. குஞ்சம்மா. இருக்கேன்யா. ரெஜினா. இருக்கேன். விரல் லிஸ்ட்டில் கீழே இறங்குகிறது, அடுத்தது அடுத்தது என்று இறங்கி ஒரு இடத்தில் நிற்கிறது. பிரிசில்லாவின் கையெழுத்து, பேனா மை புதுசு. “மரத்தடி அம்மா. கூப்பிடுங்கய்யா” என்று கிசுகிசுக்கிறது. செங்கமலம், என்றேன். சின்னக் குரலில், பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. ரெக்கார்டு ரூமில் யாரோ இல்லீங்க என்றார்கள். வாசல் வரை போனேன். நிலைப்படி. அதே நிலைப்படி, தோள் அதே இடத்தில் சாய்கிறது, அந்த இடம் தேய்ந்தே இருக்கிறது, நான் தேய்த்ததுதான். செங்கமலம். வராந்தாவில் இருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மழை சல்லென்று இறங்குகிறது, மரம் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மட்டும் தெரிகிறது. பின்னால் பிரிசில்லா யாருக்கோ போர்வை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்த்து, “மூணாச்சாய்யா? அடுத்த பேருக்குப் போயிடலாமா?” என்று கேட்டது. பேனாவைத் திறந்து வைத்திருக்கிறது. அதே கேள்வி. எனக்காக யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்து, பத்தொன்பது வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அதே கேள்வி. ஆச்சு என்று சொன்னால் போதும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவும் பெண்ணும் உள்ளே வந்துவிடுவார்கள், கதவைச் சாத்திவிடலாம். தனபால் என்னையே பார்க்கிறான். சொல்லவில்லை. நல்லவனாகி அல்ல, அப்படி யாரும் நினைக்க வேண்டாம், நாக்கு வரவில்லை, கால்தான் போயிற்று. மூன்று படி. முதல் படியில் தலை நனைந்தது, இரண்டாவதில் சட்டை, மூன்றாவதில் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டேன், சாயம் இறங்குகிறதா என்று. பட்டையே இல்லை, பார்க்கிறேன் பாருங்கள்.

படியிறங்கி மரத்தைப் பார்த்து நின்றேன். மூச்சை இழுத்தேன். வந்த குரல் நான் நினைத்த குரல் இல்லை, அது எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. “பிரதிவாதி செங்கமலத்தம்மாள்!” கடைசி எழுத்து ஏறி நின்ற பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. லிஸ்ட்டில் பிரதிவாதி இல்லை. இந்த ஊரில் அவளை அப்படிக் கூப்பிட ஒருத்தனைத் தவிர யாரும் இல்லை. மரத்தில் காக்காய்கள் எழும்பி உட்கார்ந்தன. சாக்குக்குள்ளிருந்து தலை மெதுவாக நிமிர்ந்து, சாய்ந்து, என் பக்கம் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் கிட்டே போனேன். கிட்டே போய், “கூப்பிட்டேம்மா, உள்ள வாங்க, கட்டில் போயிடும்” என்றேன். “கேட்டுச்சு” என்றாள். “நல்லாத்தான் கேட்டுச்சு. அன்னிக்கும் இப்பிடிக் கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்.” கோபமாகச் சொல்லவில்லை. சரிபார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கும், ஒருவேளை கூப்பிட்டிருப்பானோ, மழையில் நமக்குத்தான் கேட்கவில்லையோ என்று. அது தீர்ந்துவிட்டது. நான்தான் தீர்த்து வைத்தேன். “அந்தப் பொண்ணு” என்று ஆரம்பித்தேன், ஏன் ஆரம்பித்தேன். மடியில் இருந்த பையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். “அது பேரு உங்க லிஸ்ட்டுல இல்ல” என்றாள். தப்புத்தாம்மா என்று சொல்லிப் பார்த்தேன், அழுதுகொண்டேதான் சொன்னேன், மழையில் அது ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்காது. “எந்திரிங்கம்மா. காய்ச்சல் வந்துடும். உங்க கால்ல வேணா விழறேன்.” அவள் சாக்கை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் வல்ல. நீ உள்ள போயிச் சொல்லு. மூணு தடவை கூப்பிட்டேன், வல்லன்னு சொல்லு. இன்னிக்கி நீ சொன்னா அது நெசந்தான்.”

போகத்தான் வேண்டும். இருபது தப்படிகூட இருக்காது. போய் என்ன சொல்வது? வரவில்லை என்று சொன்னால் நிஜம், சொன்னால் அவள் கட்டில் போய்விடும், சொல்லாவிட்டால் இன்னொரு பொய். நிஜத்தையும் எனக்கு ஆகாமல் செய்துவிட்டாள். கால் வரவில்லை, இந்தத் தடவை கால் வரவில்லை. வாசலில் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பிரிசில்லா வந்து நிற்கிறது, வெளியே எட்டிப் பார்க்கிறது, வெளிச்சத்தில் நிற்கிறவர்களுக்கு இருட்டில் நிற்கிறவர்கள் தெரிய மாட்டார்கள், எனக்கு அது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. லிஸ்ட்டைப் பார்த்து என்னவோ எழுதுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தாளைப் புரட்டுகிறது. பெண்கள் முடிந்தால் ஆண்கள். ஆண்களில் முதல் பேர் என்னுடையது, எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதன் வாய் அசைகிறது, என் பேரைத்தான் கூப்பிடுகிறது. தொண்டை கட்டின பெண், எவ்வளவுதான் சத்தம் வரும். தனபால் அதன் பக்கத்தில் வந்து கையை நீட்டி எங்கேயோ காட்டுகிறான், நான் இருக்கிற பக்கம் இல்லை, கேட்டுப் பக்கம். கேட்டுப் பக்கமிருந்து அந்த அம்மாவும் பெண்ணும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். பிரிசில்லாவின் வாய் மறுபடி அசைந்தது. ஒன்றா, இரண்டா. காதுக்குள் மழையைத் தவிர ஒன்றும் இல்லை, இலையிலிருந்து விழுகிறது, வேரில் விழுகிறது, சாக்கில் விழுகிறது. பக்கத்தில் அவளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“கேக்குதா?” என்றாள்.

கேட்கவில்லை.